சவாரிச் சிகாமணி

மனிதர்கள் பிரயாணம் செய்வது ஓரிடம் விட்டு வேறிடம் போய்ச் சேர்வதற்காகத்தான் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி சுமாருக்குச் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏதாவதொரு சிற்றுண்டிச் சாலைக்குள் நுழைந்து பார்த்தால், அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். வாசலில் விலையுயர்ந்த சைக்கிள்கள் சுவரோரமாகச் சாய்ந்து நிற்கும். உள்ளே, உடம்போடு ஒட்டிய பலவர்ண உடுப்பும், நடக்கும்போது தரையில் டக்டக்கென்று ஒலிக்கும் பாதரட்சையும் தரித்த கனவான்கள், பொங்கலும் வடையும் முன்னே ஆறிக்கொண்டிருக்க, உண்பதைக் காட்டிலும் அதிக சிரத்தையோடு பேசிக்கொண்டிருப்பார்கள். திருவான்மியூரில் விடியுமுன் புறப்பட்டு, மாமல்லபுரம் வரை போய், போன வழியே திரும்பி, புறப்பட்ட இடத்திலேயே இறங்கப்போகும் இவர்கள் எந்த ஊருக்கும் எந்தக் காரியமாகவும் போகவில்லை. போய்வந்ததைச் சொல்லுவதற்காகவே போய்வந்தார்கள். இந்த வர்க்கத்தாருள் ஒருவரைப் பிரதிநிதியாகப் பொறுக்கியெடுத்து, சவாரிச் சிகாமணி என்று நாமகரணமும் செய்து, வாசகர்கள் முன் நிறுத்துகிறேன்.

சிகாமணிக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. நல்ல உத்தியோகம், நல்ல குடும்பம், கொஞ்சம் தொந்தி. வைத்தியர் ஒருவர் 'ஏதாவது உடற்பயிற்சி செய்யுங்கள்' என்று எல்லோருக்கும் சொல்லுவதைப்போல அவருக்கும் சொல்லிவைத்தார். விளைவுகளை முன்கூட்டி அறிந்திருந்தால் அந்த நல்ல மனிதர் மாத்திரையோடு நிறுத்திக்கொண்டிருப்பார். சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தார் 6.8 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள சைக்கிளைப் பந்தயத்தில் அனுமதிப்பதில்லை. அந்த விதி எந்தக் காலத்திலும் சிகாமணியைத் தொடப்போவதில்லை என்றாலும், அதன் பக்கத்திலாவது போய் நிற்கவேண்டுமென்ற லட்சியத்தால், சேடிலைத் தாங்கும் கம்பியைக் கழற்றியெறிந்து கார்பனில் ஒன்று வாங்கிப் பூட்டி, 100 கிராம் எடையைக் குறைத்தார். அந்த வெற்றியை நண்பர்களுக்கு அறிவித்த வைபவத்தில் விநியோகமான மைசூர்பாகில் அவருடைய பாகம் மட்டும் 100 கிராமுக்குக் குறைவில்லை என்று அவர் மனைவி சொல்லுகிறாள்.

வருஷத்தின் மற்றப் பருவங்களிலும் அவர் சவாரி போவதுண்டு. ஆனால் மார்கழிப் பனியில் சுகமாகப் போய்ச் சுகமாகத் திரும்பியதைப் பற்றி யாரிடம் என்னத்தைச் சொல்லுவது? கஷ்டம் இல்லாத இடத்தில் கதை ஏது? ஆகவே, மே மாத ஆரம்பத்தில் அக்கினி நட்சத்திரம் பிறந்து, நாய்களும் நிழலை விட்டு நகர மறுக்கிற நாட்களில்தான் சிகாமணியின் உற்சாகம் உச்சத்தை அடைகிறது. நாலு மணிக்கு எழுந்து, இரண்டு குப்பிகளில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை நிரப்பிக்கொண்டு கிளம்புகிறவர், வெயில் ஏற ஏற, மணிக்கு ஒரு லிட்டர் வீதம் அந்த நீரை வியர்வையாக உலகத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். வீடு திரும்பியதும், கறுப்பு உடுப்பின் முதுகில் உப்புப் பூத்துக் கிடக்கும் வெள்ளை ரேகைகளை மனைவியிடம் காட்டி, "பார்த்தியா?" என்கிறார். "பார்த்தேங்க, வாளியில போடுங்க" என்கிறாள் அந்தப் புண்ணியவதி.

வீட்டில் மதிப்பில்லாத சரக்கு வெளியில் விலைபோகிறது. ஒரு கோடையில் கோவளத்துக்கு அருகே அவருக்குச் சக்தி முழுவதும் வற்றிப்போயிற்று. தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்துவைத்த மாச்சத்து இரண்டொரு மணி நேரக் கடும் உழைப்பில் தீர்ந்துவிடக்கூடியது என்றும், இடையிடையே ஏதாவது தின்னாவிட்டால் கால்கள் திடீரென்று ஒத்துழைக்க மறுத்துவிடும் என்றும் சரீர சாஸ்திரம் கூறுகிறது. சிகாமணிக்கு இது தெரியும், தெரிந்தும் ஒரு வாழைப்பழம்கூட எடுத்துப்போகவில்லை. அந்த அனுபவத்தை முதல் வாரம் சொன்னபோது, சாலையோரத்தில் இறங்கி நுங்கு வாங்கித் தின்றதாகச் சொன்னார். இரண்டாம் வாரம், நுங்கு விற்ற கிழவி அவருடைய முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினாள். ஒரு மாதம் கழித்து நான் கேட்டபோது, கிழவி காசு வாங்க மறுத்துவிட்டு, அவரை ஏற இறங்கப் பார்த்து, "ஏன் ராசா, வீட்ல ஏதாச்சும் சண்டையா?" என்று விசாரித்திருந்தாள். இவை அனைத்திலும் அந்த ஒரு கேள்விதான் உண்மையாக நடந்திருக்கக்கூடியது என்பது என்னுடைய தாழ்மையான அபிப்பிராயம்.

சிகாமணியின் கதைகளில் கதாநாயகர் அவரே; வில்லன், காற்று. கோடையில் இந்தக் கரையோரமாகப் பெரும்பாலும் தெற்குப் பக்கத்திலிருந்தே காற்று வீசுவதால், மாமல்லபுரத்துக்குப் போகும்போது அது மார்பில் மோதும். திரும்பும்போது முதுகைத் தள்ளும். இந்த இரண்டு செய்திகளில் முதலாவது மட்டுமே அவருடைய வர்ணனையில் இடம் பெறுகிறது. போகையில் மணிக்கு 20 கிலோமீட்டர்தான் வந்ததென்றால் அது காற்றின் அக்கிரமம். வருகையில் 30 வந்ததென்றால் அது சிகாமணியின் பராக்கிரமம். கணக்கு அவருக்குக் கொஞ்சம் அனுகூலமாகத்தான் இருக்கிறது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்: காற்றில்லாத நாளில் 25 கிலோமீட்டர் வேகத்தில் 50 கிலோமீட்டர் போய்வர நாலு மணி நேரம் ஆகுமானால், மேற்சொன்ன வேகங்களில் போய்வர நாலு மணி பத்து நிமிஷம் ஆகும், எதிர்க்காற்று பறித்துக்கொண்டதைப் பின்காற்று முழுவதும் திருப்பித் தருவதில்லை. அந்தப் பத்து நிமிஷ நஷ்டத்தை, நமக்கு நாற்பது நிமிஷம் எடுத்துச் சொல்லி, அவர் ஈடுசெய்துகொள்கிறார்.

கடற்கரை அலுத்தால் மலை. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, ஏலகிரியில் 14. ஏலகிரி வளைவுகளுக்குப் புலவர்களின் பெயரும் கடையெழு வள்ளல்களின் பெயரும் சூட்டியிருப்பதால், சிகாமணியின் மலைப் பிரதாபம் சங்க இலக்கிய மணத்தோடு வெளிவருகிறது. கம்பரைக் கடக்கும்போது மூச்சு வாங்கிற்று, கபிலரில் கண் இருண்டது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டுபோய், முல்லைக் கொடிக்குத் தேரையே கொடுத்த பாரியின் வளைவில், மேலும் ஒரு கியர் கொடுப்பார் இல்லாமல் தாம் தவித்த தவிப்பை அவர் விவரிக்கும்போது, கேட்பவர்கள் யாருக்கும் மனம் இளகாமல் இராது. ஏறும் தூரமும் இறங்கும் தூரமும் ஒன்றேதானே என்று குறுக்கே பேசுகிறவர்களுக்கு அவரிடம் பதில் இருக்கிறது: ஏற ஒன்றரை மணி, இறங்கக் கால் மணி, ஆகவே காலக் கணக்கில் பார்த்தால் வாழ்க்கை பெரும்பாலும் மேடுதான். இதைச் சொல்லிவிட்டு அவர் சற்று மௌனமாக இருப்பார். நாமும் இருக்க வேண்டும்.

சொல்லை மட்டும் நம்பி எல்லோரும் ஏற்றுக்கொள்ளமாட்டார்கள் என்பதால், அத்தாட்சிக்காகக் கைப்பேசியில் ஸ்ட்ராவா என்றொரு செயலி இருக்கிறது. அதில் பதிவாகாத சவாரி, சாஸ்திரப்படி நடவாத சவாரி. ஒரு நாள் வீட்டு வாசலை அடைந்தபோது அது 98 கிலோமீட்டர் என்று காட்டிற்று. மூன்று இலக்கம் இல்லாத ஒரு தொகையை நாலு பேர் நடுவே எப்படிச் சொல்லுவது? திருவிழாத் திடலில் நாட்கணக்காகக் காலை ஊன்றாமல் சைக்கிள் சுற்றும் வித்தைக்காரரைப்போல, 100 வரும்வரை தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தார். பால்காரர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்த்தார். அதே செயலியில், சாலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அதிவேகமாகக் கடந்தவருக்கு மகுடம் சூட்டும் ஏற்பாடும் உண்டு. முட்டுக்காட்டுப் பக்கம் ஒரு சிறு துண்டுக்குச் சிகாமணி ஒருநாள் காலையில் ராஜாவானார். மாலைக்குள் யாரோ ஒரு கல்லூரி மாணவன் அந்த ராஜ்யத்தை அபகரித்துக்கொண்டான். அந்தத் துக்கச் செய்தியையும் செயலியே தாமதமின்றி அனுப்பிவைத்தது. அவன் ஏதாவது மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒட்டிக்கொண்டு போயிருப்பான் என்பது பதவியிழந்த மன்னரின் சித்தாந்தம்.

பந்தயங்களிலும் அவர் கலந்துகொள்வதுண்டு. புறநகர்ச் சாலையொன்றில் ஆள்நடமாட்டம் தொடங்குமுன் நடக்கும் இந்த அமெச்சூர்ப் பந்தயங்களில், துவக்கக் கோட்டருகே நிற்பவர்களின் சம்பாஷணை கேட்கத் தக்கது. ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவருக்கு மூன்று நாளாக ஜலதோஷம். இன்னொருவர் இரவு முழுதும் கண்ணை மூடவில்லை. நாலாமவர் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர், பெயர் கொடுத்ததே நண்பரின் வற்புறுத்தலால். கொடி அசைந்ததும் இத்தனை நோயாளிகளும் 35 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதைப் பார்த்தால் வைத்திய சாஸ்திரத்தில் நமக்குள்ள நம்பிக்கை போய்விடும். வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டவேண்டுமானால், காற்றைக் கிழிக்கச் செலவிடும் சக்தியை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட்டவேண்டும் என்பது இயற்கையின் ஈவிரக்கமற்ற விதி. அந்த விதி நம்மவரைப் பெரும்பாலும் நடுவரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

ஒருமுறை மட்டும் அவர் நாலாவதாக வந்தார். மறுநாள் அவர் விளக்கியது இது: முதலில் வந்த பையன், சைக்கிள் ஓட்டும் திறமைக்காகவே ரயில்வேயில் உத்தியோகம் பெற்றவன், ஆகவே அவனை அமெச்சூர் என்று கொள்வது தர்மமாகாது. இரண்டாவது வந்தவனுக்கு வயது இருபது. ஜயித்தது அவனுடைய வயதே ஒழிய அவனல்ல. மூன்றாமவர் வயதிலும் உத்தியோகத்திலும் சிகாமணிக்குச் சமானமானவரே, ஆனால் பிரம்மசாரி. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கவும், மாமனாரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகவும் அவசியமில்லாத ஒருவர் தினந்தோறும் பயிற்சி செய்வதில் என்ன அதிசயம்? ஆக, சம்சாரியாக இருந்து, சம்பளத்துக்கு வேறு வேலை பார்த்து, நாற்பதையும் தாண்டியவர்களுள் முதலில் வந்தவர் யார் என்று அவர் நம்மையே கேட்டார். சாலையில் நாலாவதாக முடிந்த பந்தயம், காபி ஆறுவதற்குள் முதலாவதாக முடிந்துவிட்டது.

பந்தயமே இல்லாத இடத்திலும் அவரால் பந்தயம் நடத்த முடியும். பிரான்ஸ் தேசத்து மரபில் வந்த பிரெவே என்னும் நெடுஞ்சவாரிகள் நம் நாட்டிலும் நடக்கின்றன. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் என்று கெடு உண்டு. வழியில் குறித்த இடங்களில் கையிலுள்ள அட்டையில் முத்திரை பெறவேண்டும். கெடுவுக்குள் வந்தவர் அனைவரும் சமம், முதல் இரண்டு என்ற வரிசை கிடையவே கிடையாது. "இது போட்டியே இல்லை சார், ஒரு தியானம்" என்று கண்களைப் பாதி மூடிக்கொண்டு சொல்லும் சிகாமணி, ஒரு வாய் காபி குடித்துவிட்டு, "எனக்கு முன்னாடி வந்தது மூணே பேர்தான்" என்று சேர்த்துக்கொள்வார். இந்தத் தியானத்தின் கைலாசம், நாலு வருஷத்துக்கொருமுறை பிரான்ஸில் நடக்கும் பாரீஸ்-பிரெஸ்ட்-பாரீஸ்: 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம். 1891-ல் அதன் முதல் ஓட்டத்தில் ஷார்ல் டெரோன் என்பவர் 71 மணி 22 நிமிஷத்தில் வந்து வெற்றி பெற்றார். சக்கர வடிவில் அந்தச் சவாரியின் பெயரால் ஒரு பலகாரமும் 1910-ல் தோன்றிற்று. சவாரிக்குச் சிகாமணி இன்னும் தகுதி பெறவில்லை; பலகாரத்துக்கு எப்போதோ பெற்றுவிட்டார்.

சிகாமணிகள் இருவர் சேர்ந்து சவாரி போனால் விபரீதம் விளைகிறது. முன்னே போகிறவர் காற்றைப் பிளக்க, அவருடைய நிழலில் ஒட்டிப் பின்னே வருகிறவருக்கு உழைப்பில் கால் பங்குக்குமேல் மிச்சமாகும் என்பது இந்தக் கலையின் அடிப்படை ரகசியம். ஆகவே யார் எவ்வளவு தூரம் முன்னே போனார் என்பதுதான் பிற்பாடு எழும் கேள்வி. இருவரையும் தனித்தனியே விசாரித்ததில், நூறு கிலோமீட்டரும் எதிர்க்காற்றில் இருவருமே முன்னால் போயிருப்பது தெரிய வந்தது. கூடப்போனவரிடம் கதை சொல்ல முடியாது என்ற காரணத்தினாலேயே, போகாதவர்களாகிய நம்முடைய காதுகளுக்கு இந்த வர்க்கத்தாரிடையே இத்தனை கிராக்கி இருக்கிறது.

இவர்களைப் பரிகசிப்பது சுலபம். ஆனால் சரித்திரம் இவர்கள் பக்கம்தான் இருக்கிறது. பாரீஸ்-பிரெஸ்ட் சவாரியை 1891-ல் ஏற்படுத்தியவர் ஒரு தினப்பத்திரிகையின் ஆசிரியர். உலகப் புகழ்பெற்ற டூர் தெ பிரான்ஸை 1903-ல் ஆரம்பித்ததும் லோட்டோ என்னும் பத்திரிகை, தன் விற்பனையைப் பெருக்கிக்கொள்வதற்காக. 1909-ல் இத்தாலியப் பந்தயத்தைத் தொடங்கியதும் பத்திரிகையே. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு நடக்கும் ஒரு பந்தயத்தை எந்த மனிதனும் ஓரிடத்தில் நின்று முழுவதும் பார்த்துவிட முடியாது. யாராவது சொன்னால்தான் உண்டு. எனவே, கதைக்காகப் பந்தயம் என்பது சிகாமணி கண்டுபிடித்த அதர்மம் அல்ல, அந்த விளையாட்டின் ஆதி தர்மம். வித்தியாசம் ஒன்றுதான்: அங்கே ஓடுகிறவர் வேறு, எழுதுகிறவர் வேறு, சிகாமணியோ வீரரும் தாமே, நிருபரும் தாமே, ஆசிரியரும் தாமே. இந்தப் பத்திரிகைக்கு நாம் யாரும் சந்தா கட்டவில்லை; ஆகவே நிறுத்தச் சொல்லி எழுதிப்போடவும் வழியில்லை.