பாதியில் எந்தப் பாதி?

கேள்வி: என் கணவர் வெளியாட்களிடம் என்னை ‘மை பெட்டர் ஹாஃப்’ என்று அறிமுகப்படுத்துகிறார். இது கொஞ்சலா, கிண்டலா? எங்கிருந்து வந்தது இந்தப் பேச்சு?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை

பதில்: பிறந்தபோது கொஞ்சல்தான் சகோதரி, கிண்டல் பிற்பாடு ஏறியது. ஆங்கிலக் கவிஞர் சர் பிலிப் சிட்னியின் ‘ஆர்க்கேடியா’ 1590-இல் அச்சானது. அதில் சாகக்கிடக்கும் ஒரு வீரன் தன் மனைவியை இப்படி அழைத்து விடைபெறுகிறான். அதற்கு 1,600 ஆண்டுகள் முன்பே ரோமானியக் கவிஞர் ஹோரஸ், தன் உயிரில் பாதி என்று ஒருவரைச் சொல்லி உருகினார். மனைவியை அல்ல, கப்பலேறிப் போன நண்பர் வர்ஜிலை!

இதற்கெல்லாம் நீங்கள் லண்டனுக்கும் ரோமுக்கும் போக வேண்டாம். அம்பாள் தவமிருந்து இடப்பாகம் பெற்ற ஊரிலேயே இருக்கிறீர்கள். கார்த்திகை தீபத்தன்று மாலை அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்களே வெளியே வந்து காட்சி தர, 2,668 அடி மலையுச்சியில் தீபம் ஏறுகிறது. ஆனால் உடம்பையே பங்கிட்டுக்கொண்ட அந்தத் தம்பதிக்கும் தை மாதத்தில் சண்டை வந்துவிடுகிறது. பிருங்கி முனிவர் சுவாமியை மட்டும் கும்பிட்டதுதான் காரணம். அதற்கென்றே திருவூடல் தெரு என்று ஒரு தெருவும் வைத்திருக்கிறது உங்கள் ஊர்.

சிவன் சரிபாதி கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டார். உங்களவரோ ‘பெட்டர்’ பாதி என்கிறார். சரி, ஏடிஎம் கார்டு எந்தப் பாதியிடம் இருக்கிறது?