ஒட்டுக்கா எறங்குங்க கண்ணு

ஏங்கண்ணு, கண்ணாலமாகி ஒரு தீவாளி தாண்டல, அதுக்குள்ள புருசனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு செல்லைத் தூக்கிட்டு ராத்திரியெல்லாம் சுட்டுக்கிட்டுக் கெடக்கறீங்கன்னு உன்ற அம்மா வந்து மூக்கைச் சிந்திப்போட்டுப் போறா. "அட போ அம்மிணி, அதுங்க ஒட்டுக்கா உக்காந்து அடுத்தவனைத்தான சுடுதுங்க? நீயும் மாப்பளயும் இத்தனை வருசமா ஒருத்தரையொருத்தர் சுட்டுக்கிட்டீங்களே"ன்னு சொல்லி அனுப்பிச்சேன். பொட்டப்புள்ள பதிலே பேசல.

நீங்க ஆடற பப்ஜிங்கற பேரே இப்ப நம்ம நாட்டுல இல்லியாமா. 2020 செப்டம்பர்ல கவருமெண்டு தடை போட்டுது. அடுத்த வருசமே பிஜிஎம்ஐன்னு பேரை மாத்திக்கிட்டு, செவப்பு ரத்தத்தைப் பச்சையாக்கிக்கிட்டு வந்துது. 2022ல மறுபடி காணாமப் போயி, 2023ல கோவிச்சுக்கிட்டுப் போன மாப்பள மாதிரி தானாத் திரும்பி வந்து உக்காந்துக்கிச்சு. இதெல்லாம் கெழவனுக்கு எப்படித் தெரியும்னு பாக்காத. பொழுதோட திண்ணையில உக்காந்தா எதுத்தூட்டுப் பசங்க அத்தனை பேரும் இங்கதான் ஆடறானுங்க. எந்தக் காதைன்னு மூடறது?

செரி, ஆட்டத்துக்கு வருவோம். பிளேனுல நூறு பேர் போறீங்க, வெறுங்கையோட குதிக்கறீங்க. எங்க எறங்கறதுன்னு மேப்புல புள்ளி வெக்கோணுமல்ல, அந்தப் புள்ளியை உன்ற ஊட்டுக்காரி வெக்கட்டும். நீ ஃபாலோ குடுத்துட்டுக் கம்முனு இரு. பொச்சிங்கிக்குப் போலாம்பா. அங்க கூட்டம் சாஸ்தி, கால் தரையில படறதுக்குள்ள சங்குன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் போ. செத்ததுக்கப்பறம் "நீங்களாச்சு சொல்லியிருக்கலாமில்ல"ம்பா. அப்பவும் வாயைத் தொறக்காத.

லெவல் 3 ஹெல்மெட்டு கெடச்சா அவ தலைக்குக் குடு. நெசத்துல நீ ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு, அவளை வெறுந்தலையோட பின்னால உக்கார வெச்சுக் காங்கேயம் கடைவீதிக்குப் போறதை நான் பாத்துட்டுத்தான் இருக்கறேன். போலீசுக்காரன் பாக்கலீன்னா சரிங்கறயா? இந்த ஆட்டத்துலயாச்சு அந்தக் கணக்கு கொஞ்சம் நேராகட்டும்.

இனி சொல்றதைத்தான் காதுல நல்லா வாங்கிக்கோணும். அவ அடிபட்டு விழுந்து, முட்டி தேயத் தவந்துக்கிட்டு, "வாங்க, வாங்க"ன்னு கத்திட்டு இருப்பா. நீ அந்நேரம் பாத்து செத்தவன் பொட்டியை நோண்டிக்கிட்டு, "இரு, ஸ்கோப்பு ஒண்ணு கெடக்குது, எடுத்துட்டு வந்துர்றேன்"னு சொன்னீனா முடிஞ்சுது உன்ற சோலி. தூக்கி உடறதுக்கு அந்த ஆட்டம் கேக்கறது பத்தே செகண்டு. உன்ற பெரிய மாமன் இருக்கறானே, அத்தை காச்சல்ல கெடந்தப்ப கண்ணபுரம் சந்தைக்கு மாடு பாக்கப் போனவன். மாடும் அமையல. இன்னிக்கும் அவன் லேசாத் தும்முனாப் போதும், "ஏனுங், சந்தைக்குக் கெளம்பலீங்களா?"ன்னு கேக்கறா. உனக்கு ஸ்கோப்பு நாயம் அப்படித்தான் ஆவும். அதனால ஓடு. சுத்தியும் சுட்டாலும் ஓடு. ரெண்டு பேரும் ஒட்டுக்காச் செத்தாலும் பரவால்ல, ராத்திரிச் சோறு சூடா வரும்.

ஒரு அதிசயம் கேட்டியா? நீ துப்பாக்கியில சுட்டா அந்தக் குண்டு உன்ற ஊட்டுக்காரி மேல படாதாமா. ஆனா நீ வீசற கைக்குண்டு வெடிச்சா அவளுக்கும் அடி உண்டாமா. இந்த ஆட்டத்தை எழுதுனவனுக்குக் கண்ணாலம் ஆயிருக்கும்னு எனக்கொரு சந்தேகம். அதுலயே ஒரு தோசைச் சட்டி இருக்குது பாரு, இடுப்புக்குப் பின்னால தொங்க உட்டுக்கிட்டா வர்ற குண்டைத் தடுக்குதாமா. நம்மூட்டுல அந்தச் சட்டி ஆருக்குப் பாதுகாப்புன்னு உங்க அம்மாயிகிட்டயே கேட்டுக்க.

எத்தனை பேரை முடிச்சேன்னு எண்ணிக்கிட்டிருக்காத. ஒரு நாளு அவ ஏழு பேரை முடிச்சு, நீ ஒருத்தனையும் முடிக்காம நிப்பே. அப்பத்தான் "நெட்டு சரியில்ல"ன்னு சொல்லத் தோணும் உனக்கு. அதே ஊடு, அதே வைஃபை கண்ணு, அவளுக்கு மட்டும் எப்படி எடுக்குது? யூசிங்கற ஆட்டக்காசு வாங்கி துப்பாக்கிக்குப் பெயிண்டு அடிக்கறதுன்னா அவளுக்கும் ஒரு டிரெஸ்ஸு எடுத்துக் குடுத்துரு. ஜீபே மெசேஜைப் பாத்துட்டு அவளாக் கேக்கற வரைக்கும் வெச்சிருக்காத, அப்பறம் அது நெசச் சீலையாப் போயி முடியும்.

அப்பறம் இந்த மைக்கு. டீமுன்னு இருக்கறதுலதான் வெக்கோணும், ஆலுன்னு இருக்கறதுல வெச்சுப்போட்டா பக்கத்துல பதுங்கியிருக்கற எதிராளிக்கும் நம்மூட்டு நாயம் கேக்கும். போன வாரம் "உங்கம்மா வெக்கற ரசத்துல உப்பே இல்லீங்க"ன்னு உன்ற ஊட்டுக்காரி சொல்ல, எங்கியோ புதருக்குள்ள இருந்த ஒருத்தன் "எங்கூட்டுலயும் அதே கதைதானுங்க அக்கா"ன்னானாமா. அய்யோ பாவம்னு ரெண்டு பேரும் அவனைச் சுடாம உட்டுட்டீங்களாமா. அவன் சாவகாசமா எந்திரிச்சு வந்து ரெண்டு பேரையும் சுட்டுப்போட்டுப் போயிட்டான்.