வந்தவரும் இருந்தவரும்

ஊருக்கு வருகிறவர்களைப் பற்றியும் ஊரைவிட்டுப் போகிறவர்களைப் பற்றியும் இந்த முறை நிறையக் கேள்விகள். அவற்றுக்கு மட்டும் இங்கே பதில். மற்றவை அடுத்த இதழில்.

மட்டக்களப்புக்கு மாற்றலாகி வருகிறேன். "பாயோட ஒட்டவச்சிடுவாங்கள், கவனம்" என்று வீட்டில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். இந்த மந்திரம் உண்மையா? (ஓர் ஆசிரியர், சாவகச்சேரி)

தைரியமாக வாருங்கள் ஐயா. மந்திரம் என்று ஒன்று இருந்தால் அது மத்தியானச் சோற்றில்தான் இருக்கிறது. உங்கள் பக்கத்திலிருந்து உத்தியோகம் பார்க்க வந்த பலர் இங்கேயே கலியாணம் முடித்து, வளவு வாங்கி, பேரப்பிள்ளையும் கண்டார்கள். ஊரில் காத்திருந்த தாய்மாருக்கு அதை வேறு எப்படி விளங்கப்படுத்துவது? மருந்து போட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

உண்மையான காரணம் எங்கள் குடும்ப அமைப்பில் இருக்கிறது. இந்தப் பகுதியில் வீடும் வளவும் மகளுக்குச் சீதனம். கலியாணம் முடித்த ஆண்தான் மனைவியின் வீட்டுக்குப் போய் இருக்கிறான். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இதே வழக்கம். எழுவான்கரையில் எந்தத் தெருவிலும், படுவான்கரையில் எந்த ஊரிலும், வீட்டுத் திண்ணையில் இருக்கும் மருமகன் வேறு வளவிலிருந்து வந்தவன். புதிதாய் வந்தவனை எங்கே உட்கார வைப்பது, முதல் நாள் என்ன கறி வைப்பது, அவன் யாரை மச்சான் என்று கூப்பிடுவது என்பதெல்லாம் இங்கே தலைமுறை தலைமுறையாகப் பழகிய காரியம். உங்களுக்கும் அதுதான் நடக்கும்.

வெளிநாட்டார் இங்கே தேடி வருவது பாடும் மீனையா, பாசிக்குடாவையா? (மாணவி, செங்கலடி)

தேடி வருவது அவற்றைத்தான். ஊருக்குத் திரும்பிப் போய்ச் சொல்வது வேறு.

குறுமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கும் பாதைப் படகில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை சைக்கிளோடு ஏறினாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. பக்கத்தில் நின்ற ஆச்சி மடியை அவிழ்த்து, கடதாசிச் சுருளிலிருந்து ஒரு பிடி வறுத்த கச்சானை அவள் கையில் கொட்டினார். பிள்ளை காசை நீட்டினாள். ஆச்சி அந்தக் கையை மூடி, மூடிய கைக்கு மேலேயே இன்னொரு பிடி கச்சானை வைத்துவிட்டு, "தின்னு மனே" என்றார். ஒருவர் பேசியது மற்றவருக்கு விளங்கவில்லை. அக்கரை சேரும் வரை இருவரும் கச்சான் தின்றார்கள். அந்தப் பிள்ளை தன் ஊரில் சொல்லப்போவது இதைத்தான்.

மெக்சிக்கோவில் முன்பின் தெரியாத வெளிநாட்டவனையும் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போடுவார்களாம். போய்வந்த என் மருமகன் புகழ்ந்து தள்ளுகிறார். எங்களைவிடவா அவர்கள்? (வாசகர், ஆரையம்பதி)

இதில் போட்டி எதற்கு? கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது.

வெராகுரூஸ் மாநிலத்தில் லா பத்ரோனா என்று ஒரு சிற்றூர். அதன் வழியாகச் சரக்கு ரயில் போகும். ரயிலின் கூரையில் தொற்றிக்கொண்டு, ஹொண்டுராஸ், குவாத்தமாலா, எல் சல்வடோர் நாடுகளின் ஏழைகள் அமெரிக்க எல்லையை நோக்கிப் போவார்கள். 1995 முதல் அந்த ஊர்ப் பெண்கள் சோறும் அவரையும் சமைத்து, பைகளில் கட்டி, பழைய போத்தல்களில் தண்ணீர் நிரப்பிக் கயிற்றால் இரண்டிரண்டாகப் பிணைத்து, தண்டவாளத்தின் ஓரத்தில் நின்று நீட்டுகிறார்கள். ரயில் நிற்பதில்லை. ஓட்டத்திலேயே கையிலிருந்து கைக்கு மாற வேண்டும். வாங்குகிறவன் பெயர் தெரியாது, நன்றி சொல்லவும் அவனுக்கு நேரமில்லை. 2013இல் அந்தப் பெண்களுக்கு மெக்சிக்கோவின் தேசிய மனித உரிமை விருது கிடைத்தது.

உங்கள் மருமகன் கண்ட மெக்சிக்கோ நல்லது. இந்தப் பெண்களின் மெக்சிக்கோ அதைவிடப் பெரியது. கடவுச்சீட்டும் கமராவும் கொண்டு வருகிறவருக்கு இளநீர் வெட்டிக் கொடுப்பது எல்லோராலும் முடியும்.

வெள்ளைத் தோலுக்கு இளநீர் வெட்டுகிற நாங்கள், கறுத்த ஏழை ஒருவன் கரையொதுங்கினால் என்ன செய்வோம்? (வாசகி, வாழைச்சேனை)

சுடுகிற கேள்வி, நியாயமான கேள்வி. தோலைப் பார்த்துத் தராசு பிடிக்கும் பழக்கம் எங்களிடம் உண்டு.

ஆனாலும் ஒரு பதில் வடக்கிலிருந்து கிடைத்திருக்கிறது. 2024 டிசெம்பரில் மியன்மாரின் ரோஹிங்கியா அகதிகள் நூறு பேருக்கு மேல், குழந்தை குட்டிகளோடு, பழுதான ஒரு படகில் கரைசேர்ந்தார்கள். எந்தக் கரையில் தெரியுமா? முள்ளிவாய்க்கால். 2009இல் அந்த மணலில் என்ன நடந்தது என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ஊர் மக்கள்தான் முதலில் சாப்பாடு கொண்டு ஓடினார்கள். பிறகு அரசாங்கம் வந்தவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து முல்லைத்தீவு விமானப்படை முகாமுக்கு மாற்றியது. ஊர் சோறு கொடுத்த இடத்தில் அரசு ஆட்கடத்தல் விசாரணையைப் பற்றிப் பேசியது.

இலங்கை இன்னமும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் சேரவில்லை. உலகமெங்கும் அகதிகளாகப் போய் அந்தச் சமவாயத்தால் உயிர் தப்பியவர்களின் நாடு இது. சேர வேண்டும் என்று கேட்கும் முதல் குரல் தமிழரிடமிருந்து வர வேண்டும்.

ஒல்லாந்தர் இலங்கையில் முதலில் இறங்கியது காலியிலா? (மாணவர், களுவாஞ்சிகுடி)

இல்லை, இங்கேதான். 1602 மே மாதக் கடைசியில் ஒல்லாந்துக் கப்பல் தலைவர் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கி, இங்கிருந்து கண்டிக்குப் போய் அரசன் முதலாம் விமலதர்மசூரியனைக் கண்டார். மரியாதையோடு வந்தார், மரியாதை பெற்றார். அடுத்து வந்த டி வேர்ட்டின் ஆட்கள் கரையில் மாடுகளை வெட்டினார்கள். அவரோ பிடிபட்ட போர்த்துக்கேயரை அரசனைக் கேளாமல் விடுவித்து, அரசனோடு வாய்த்தர்க்கமும் பண்ணினார். 1603இல் அவரும் கூட வந்தவர் பலரும் இங்கேயே கொல்லப்பட்டார்கள். 1638இல் வந்தவர்கள் போர்த்துக்கேயரின் கோட்டையைப் பிடித்தார்கள், போகவில்லை. முதலாமவர் விருந்தாளி, மூன்றாமவர் எசமான். நடுவில் கழிந்தது 36 வருடம்.

பறங்கியர் எங்கள் ஆட்களா, வெளி ஆட்களா? (வாசகர், கல்லடி)

போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டியது 1628இல். அவர்கள் வழிவந்தவர்கள் மரவேலையும் இரும்பு வேலையும் தையலும் செய்து, வீட்டில் தங்கள் போர்த்துக்கேய மொழியும் தெருவில் எங்கள் தமிழும் பேசி, வயலின் வாசித்துக் காப்ரிஞ்ஞா ஆடி வாழ்கிறார்கள். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் அவர்கள் குடியிருந்த டச்சுபாருக்குள் புகுந்தபோது யாரையும் நீ எந்த வழி என்று கேட்கவில்லை. நீங்கள் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

இன்னொன்றும் கேளுங்கள். 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆளுகைக்கு உட்பட்ட இடங்களிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தினார்கள். கண்டி அரசன் செனரத் அவர்களில் பலரை இந்தக் கிழக்குக் கரையில் குடியேற்றினான். தஞ்சம் கொடுத்த ஊர் என்ற பெயர் எங்களுக்கு நானூறு வருடப் பழையது.

தஞ்சம், ஒற்றுமை என்று எழுதுகிறீர்கள். 1990ஐ மறந்துவிட்டீர்களா? (வாசகர், காத்தான்குடி)

மறக்கவில்லை. முஸ்லிம்களும் தமிழரும் கொல்லப்பட்டும் காணாமற்போயும் அழிந்த நாட்கள் இவை. ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்கள். ஓகஸ்ட் 12 ஏறாவூர். செப்டெம்பர் 5 வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாம். செப்டெம்பர் 9 சத்துருக்கொண்டான். ஒரே தாய்வழிக் குடிப்பெயரை வைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்து ஊரில் இருந்தவர்கள் ஆறு வாரத்துக்குள் ஒருவருக்கொருவர் அந்நியரானார்கள். இந்த நான்கு பெயர்களையும் ஒரே மூச்சில் சொல்லத் தமிழரும் பழக வேண்டும், முஸ்லிம்களும் பழக வேண்டும். தன் பக்கத்துப் பெயர்களை மட்டும் சொல்கிற நினைவுகூரல் அடுத்த சண்டைக்கு விதை.

வெளிநாட்டிலிருந்து வந்து எங்களுக்கு நல்லது செய்தவர் என்று யாரையாவது சொல்ல முடியுமா? (மாணவி, மட்டக்களப்பு நகர்)

நீங்கள் நகரத்திலேயே இருந்து கேட்கிறீர்கள். வெபர் மைதானம் யார் பெயரில் இருக்கிறது? அமெரிக்காவிலிருந்து வந்து, புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய வெபர் அடிகளார் பெயரில். அவருக்கு முன்னால் வில்லியம் ஓல்ட். 1814இல் தனியாளாக வந்த மெதடிஸ்த போதகர். ஒரு வருடம் முடியுமுன் இங்கேயே இறந்துபோனார். அவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி.

ஹீபெர்ட் அடிகளாரையும் சொல்ல வேண்டும். அவரும் அமெரிக்கர். 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி, மேலே சொன்ன அந்தக் கொடிய நாட்களில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில், கூட வந்த தமிழ் இளைஞரோடு காணாமற்போனார். இன்றுவரை தடயமில்லை. அவருடைய தோழர் மில்லர் அடிகளார் 1948இல் வந்தவர். காணாமற்போனவர்களைத் தேடி முகாம் முகாமாக அலைந்த தாய்மாருக்குத் துணை நின்றார். அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய்ச் சுகமாக இருந்திருக்கலாம். 2019 ஜனவரி முதலாம் திகதி இங்கேதான் கண்ணை மூடினார். எழுபது வருடம் இந்த ஊரில் இருந்தவரை வெளிநாட்டவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மயிலத்தமடு மேய்ச்சல் தரையை வெளியிலிருந்து வந்தவர்கள் உழுகிறார்கள். அவர்களுக்கும் பாய் விரிக்கச் சொல்வீர்களா? (பண்ணையாளர், சித்தாண்டி)

சொல்ல மாட்டேன். விருந்தாளி வாசலில் நின்று கேட்பான். அதிகாரத்தின் நிழலில் உங்கள் மாடு மேயும் நிலத்தை உழுகிறவன் கேட்கவில்லை. 2023 செப்டெம்பரில் நீங்கள் தொடங்கிய போராட்டம் நியாயமானது. வந்தவனை வெறுக்கிற போராட்டம் அல்ல அது, இருந்தவனின் வாழ்வைக் காக்கிற போராட்டம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். உழுகிறவனும் பெரும்பாலும் ஓர் ஏழைதான். அவனை அங்கே இறக்கிவிட்ட அரசியலே உங்கள் எதிராளி. கோபத்தைச் சரியான விலாசத்துக்கு அனுப்புங்கள்.

கனடாவில் எங்கள் பிள்ளைகள் ராசா மாதிரி இருக்கிறார்கள். ஆனால் அவர்களே "இனி ஆட்களை எடுக்கக்கூடாது" என்கிறார்கள். சரியா? (ஓய்வுபெற்ற அதிபர், வெல்லாவெளி)

சரியில்லை ஐயா. பிள்ளைகள் உங்களோடு தொலைபேசியில் பேசும்போது கஸ் டால்ட்டன் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

1986 ஓகஸ்ட் 11. நியூபவுண்ட்லாந்தின் தென்கரையில் மூடுபனி. மீன்பிடிக்கப் போன கப்டன் டால்ட்டன் இரண்டு உயிர்காப்புப் படகுகளைக் கண்டார். அவற்றில் நெருக்கியடித்தபடி 155 தமிழர். கடலில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. டால்ட்டன் அவர்களிடம் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை. படகிலிருந்த சாப்பாட்டையும் தண்ணீரையும் கொடுத்தார், ஆட்களை ஏற்றினார், மற்றப் படகுகளையும் கரையோரக் காவற்படையையும் கூப்பிட்டார். கரைக்கு வந்தபின் கதை மாறியது. தாங்கள் இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் சொன்னது பொய், புறப்பட்டது மேற்கு ஜெர்மனியிலிருந்து என்று தெரிந்ததும் கனடாவில் பலர் கொதித்தார்கள். ஆனாலும் அரசு அவர்களை இருக்கவிட்டது. அடுத்த வருடம் சீக்கியர் 174 பேர் நோவா ஸ்கோஷியாவில் இறங்க, சட்டம் இறுகியது. 2010இல் 492 தமிழரோடு சன் சீ கப்பல் வந்தபோது வரவேற்றது சிறை. அதே நாடு, அதே கடல்வழி அகதிகள். ஒரு மீனவன் முகத்தைப் பார்த்தான், அரசாங்கம் தலையை எண்ணியது.

அவுஸ்திரேலியாவிலும் இதுதான் நடந்தது. குயீன்ஸ்லாந்தில் பிலோயலா என்ற சிற்றூர். அங்கே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்த நடேஸையும் மனைவி பிரியாவையும் இரண்டு சிறு பெண்பிள்ளைகளையும் 2018 மார்ச்சில் விடியற்காலையில் அதிகாரிகள் தூக்கிப் போனார்கள். கிறிஸ்மஸ் தீவு வரை கொண்டுபோய் அடைத்தார்கள். தமிழே தெரியாத அந்த ஊர் அயலவர்கள் நான்கு வருடம் விடாமல் போராடினார்கள். 2022 ஜூனில் குடும்பம் அதே ஊருக்குத் திரும்பியது.

எங்களுக்காக அந்நியர் இவ்வளவும் செய்திருக்க, எங்கள் பிள்ளைகள் பின்னால் வருகிறவனுக்குக் கதவைச் சாத்துவது கடன் மறப்பு. அதிபராக இருந்தவர் நீங்கள். கண்டித்துச் சொல்லுங்கள்.

வெளிநாட்டார் சுற்றுலா விசாவில் வந்து இங்கேயே கடை நடத்துகிறார்களே, அது சரியா? (விடுதி நடத்துபவர், பாசிக்குடா)

சரியில்லை. 2024 பெப்ரவரியில் உணவட்டுனவில் வெள்ளையருக்கு மட்டும் என்று விருந்து அறிவித்தார்களே, அதைப் படித்தபோது எனக்கும் இரத்தம் கொதித்தது. விசா விதி எல்லோருக்கும் ஒன்று. விதியை மீறியவரைச் சட்டம் கவனிக்கட்டும். அதற்காகக் கடற்கரையில் நடந்து போகிற ஒவ்வொரு வெளிநாட்டவரையும் முறைக்காதீர்கள்.

என் தங்கை வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போகப்போகிறாள். அங்கே அவளுக்கு அன்பு கிடைக்குமா? (வாசகி, ஏறாவூர்)

அன்பை நம்பி அனுப்பாதீர்கள் தங்கச்சி, ஆவணத்தை நம்பி அனுப்புங்கள். மூதூர் ரிசானா நஃபீக் 2005இல் சவுதிக்குப் போனபோது வயது 17. கடவுச்சீட்டில் முகவர் போட்ட வயது 23. மொழியும் சட்டமும் தெரியாத அந்தப் பிள்ளைக்கு 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றினார்கள். உங்கள் தங்கையின் உண்மையான வயது, ஒப்பந்தத்தின் பிரதி, வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு, தூதரகத்தின் தொலைபேசி இலக்கம், இந்த நான்கும் கையில் இல்லாமல் விமானம் ஏற விடாதீர்கள்.

ஓட்டோ ஓட்டுகிறேன். வெளிநாட்டவரிடம் மூன்று மடங்கு கேட்டால் என்ன பிழை? அவர்களிடம் காசு இருக்கிறதுதானே. (மட்டக்களப்பு பஸ் நிலையத்திலிருந்து)

பெற்றோல் விலையும் லீசிங் கட்டணமும் உங்களை நெருக்குவது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் தம்பி நாளைக்கு லண்டனில் இறங்க, அங்கே ஒரு ஓட்டுநர் அவன் முகத்தைப் பார்த்து மூன்று மடங்கு கேட்டால் அதை நீங்கள் என்னவென்று சொல்வீர்களோ, இதற்கும் அதே பெயர்தான். மீட்டரைப் போடுங்கள், ஊர்க்காரரிடம் வாங்குவதையே வாங்குங்கள்.