இரக்கம் கழன்ற சொல்

ஆங்கிலத்தில் ‘பதெட்டிக்’ ஒரு காலத்தில் கௌரவமான சொல். மனத்தை உருக்குவது என்று பொருள். அதன் பிரெஞ்சு உறவான ‘பதேதிக்’ என்ற பட்டத்தோடுதான் 1799-இல் பீத்தோவனின் பியானோ சொனாட்டா அச்சேறியது. 1893-இல் சைகோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனிக்கும் அதே பெயர். அரங்கேறிய ஒன்பதாம் நாள் மனிதர் போய்ச் சேர்ந்தார். (பெயர் ராசி!)

இன்று லண்டன் விமர்சகர் ஒரு கச்சேரியை ‘பதெட்டிக்’ என்றால், கந்தல் என்று அர்த்தம். ஐம்பது ரன்னுக்குள் சுருண்ட அணிக்கும் ஆறிப்போன காப்பிக்கும் அதே அர்ச்சனைதான்.

நிஜமாகவே பரிதாபப்பட இங்கிலீஷ்காரர் ‘புவர்’ என்பதை வைத்திருக்கிறார். கோடீஸ்வரருக்குச் சளி பிடித்தாலும் ‘புவர் மேன்’தான். வருமான வரிக்காரர் மட்டும் நம்பமாட்டார்.