படி எத்தனை சார்?

தாம்பரத்துக்கும் மேடவாக்கத்துக்கும் நடுவே வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. தரகரை நம்பலாம், வாஸ்துவை நம்பலாம், வங்கி மேலாளரைக்கூட நம்பலாம். ஆனால் வீட்டுக்குள் போனதும் முதலில் பிரிட்ஜைப் பாருங்கள். அது தரையில் நிற்கிறதா, ஸ்டூல் மேல் நிற்கிறதா?

இந்த ஞானம் மாமனார் போட்ட பிச்சை. அவர் தஞ்சாவூர்ப் பக்கம் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மதகைத் திறந்தால் ஒரு கரைக்காரர் திட்டுவார், மூடினால் இன்னொரு கரைக்காரர் திட்டுவார். இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டே ஆயுசை ஓட்டியவருக்குத் தண்ணீரைத் தவிர வேறு யார் பேச்சிலும் நம்பிக்கை கிடையாது.

நாங்கள் பார்க்கப் போன வீடு, தரகர் கணக்கில் "ஸ்டேஷன்ல இருந்து பத்தே நிமிஷம் சார்". எந்த வண்டியில், எந்தக் கிழமையில் என்று கேட்பது மரியாதையில்லை. அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி. கிழக்குப் பார்த்த வாசல். ஈசானிய மூலை சுத்தம். தனிப் பட்டா. என் மனைவி சமையல் மேடைக் கல்லைத் தடவிக்கொண்டிருந்தாள். மாமனார் பிரிட்ஜைப் பார்த்தார்.

"இது ஏன் ஸ்டூல் மேல நிக்குது?"

"எலித் தொல்லைங்கய்யா" என்றார் வீட்டுக்காரர்.

"இன்வெர்ட்டர் தலைக்கு மேல இருக்கே?"

"அதுவும் எலிதாங்க."

"மீட்டர் பெட்டிக்கு ஏணி போட்டுத்தான் ரீடிங் எடுப்பாங்க போலிருக்கே?"

வீட்டுக்காரர் எலியைச் சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். மாமனார் சுவருக்கு நகர்ந்தார். தரையிலிருந்து நாலடி வரை பெயின்ட் புத்தம் புதுசு. அதற்கு மேலே பழசு. "இது டபுள் கலர் டிசைன் ஐயா" என்று தரகர் முந்திக்கொண்டார்.

மாமனார் பதில் பேசாமல் ஒரு குடம் தண்ணீர் கேட்டு வாங்கி, தெரு நடுவில் கொண்டுபோய் ஊற்றினார். தண்ணீர் கொஞ்சம் தயங்கியது, அக்கம்பக்கம் விசாரித்தது, பிறகு நேராக அந்த வீட்டு கேட்டுக்குள் போயிற்று.

"பத்திரம் யார் பேர்ல இருந்தா என்ன மாப்ளே, வீடு இதுக்குத்தான் சொந்தம்" என்று குடத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வங்கி இதையெல்லாம் கேட்பதில்லை. மூலப்பத்திரம், அனுமதி வாங்கிய வரைபடம், முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்று கேட்கும். அந்த நிலத்தை எந்த வருஷம் யார் யாரிடம் அடமானம் வைத்தார், எப்போது மீட்டார் என்று வில்லங்கச் சான்று சொல்லிவிடும். 2015 டிசம்பரில் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றதை மட்டும் ஒரு வரி சொல்லாது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதத்தை அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டு வருகிறவருக்கு, அந்தச் செய்தியைத் தெரிவிப்பது எதிர்வீட்டு அம்மாதான். அதுவும் பால் காய்ச்சிய அன்றைக்கு, காபியைக் குடித்து முடித்த பிறகு.

இந்தப் பக்கம் தண்ணீர் வருவதில் ரகசியம் எதுவும் இல்லை. ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம் என்று வரிசையாக ஏரிகள். ஒன்றில் மிஞ்சியது அடுத்ததற்குப் போய், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர வேண்டும். அந்த வழியில்தான் நாம் எல்லோரும் கிரகப்பிரவேசம் செய்திருக்கிறோம். 'ஏரி வியூ' என்று பெயர் வைத்த அடுக்ககங்களும் உண்டு. நவம்பரில் ஏரியே வந்து பெயர்ப்பலகையைப் படித்துவிட்டுப் போகும்.

கடைசியில் நாங்கள் வாங்கியது ஏழு படி வைத்த வீடு. எங்கள் நகரில் அந்தஸ்து படிக்கணக்கில்தான். காரின் விலையை யாரும் விசாரிப்பதில்லை, "படி எத்தனை சார்?" என்பார்கள். தெருவில் ஒரு நடை போனால் எந்த வீடு எப்போது கட்டியது என்று சொல்லிவிடலாம். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வீடுகளுக்கு மூன்று படி. வெள்ளத்துக்குப் பின் கட்டியவற்றுக்கு ஆறும் ஏழும். தொண்ணூறுகளில் கட்டியவை இன்று ரோட்டு மட்டத்தில் நிற்கின்றன. அதற்கும் முந்தியவற்றுக்குள் இறங்கித்தான் போக வேண்டும். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் அப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறார். எல்லோரும் விருந்தாளியை "உள்ளே வாங்க" என்பார்கள், அவர் "கீழே வாங்க" என்பார். அவரும் கட்டும்போது நாலு படி வைத்தவர்தான். படிகள் எங்கேயும் போய்விடவில்லை, ரோட்டுக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன.

இதில் ரோட்டின் பங்கு பெரியது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு கடிதமே அனுப்பினார். எங்கள் தெருவுக்கு ரோடு ராத்திரியில் வரும். அந்த நேரத்தில் கடிதம் படிக்க வெளிச்சம் போதாது. காலையில் எழுந்து பார்த்தால் தெருவுக்கே ஒரு படி குறைந்திருக்கும்.

மூன்று படிக்காரர் ஒருவர் பொறுத்துப் பார்த்து, வீட்டையே தூக்கிவிட முடிவு செய்தார். ஹரியானாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அஸ்திவாரத்தைச் சுற்றிக் குடைந்து, சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கிகளைச் செருகினார்கள். மேஸ்திரி விசில் ஊத, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு திருகு திருகினார்கள். லாரிக்கு டயர் மாற்றுகிற ஜாக்கியில் மாடி வீடு எழும்பிய அதிசயத்தைத் தெருவே நாற்காலி போட்டுப் பார்த்தது. வீட்டு அம்மா உள்ளே சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். நாலடி ஏறி இறங்கிவந்தபோது அவர் சொன்ன குறை ஒன்றுதான்: "பால்காரர் எட்டலைங்கறார்."

உயரத்துக்கும் விலை உண்டு. எதிர்வீட்டுப் பாட்டி எங்கள் ஏழாவது படியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். "திருப்பதி மலையை நடந்தே ஏறினவ நான். உங்க வீட்டுக் கொலுவுக்கு வர முடியலடியம்மா" என்று கீழேயிருந்தே சுண்டலை வாங்கிக்கொள்வார். கார் ஏற்றப் போட்ட சாய்தளம் பாதித் தெருவை அடைத்துவிட்டதால், நடந்து போகிறவர்கள் எங்கள் வீட்டு வாசலில் ஏறி, இறங்கி, அடுத்த வீட்டு வாசலில் மறுபடி ஏறுகிறார்கள். நகரில் பலருக்கு மருத்துவர் சொன்ன உடற்பயிற்சி இப்படித்தான் நிறைவேறுகிறது.

ஏழு படி இருக்கிற தைரியத்தில் நான் நிம்மதியாகத்தான் இருந்தேன், பக்கத்துக் காலி மனையில் மண் அடிக்கிற லாரி வரும்வரை. புதிதாக வாங்கியவர் மரியாதைக்குப் பார்க்க வந்தார். "பேஸ்மென்ட் எவ்வளவு சார்?" என்று கேட்டேன். "உங்களைவிட ஒரு அடி கூட, அவ்வளவுதான்" என்று பணிவோடு சொன்னார்.

மாமனாருக்குப் பொறுக்கவில்லை. "எல்லாரும் பக்கத்து வீட்டுப் படியையே பாக்கறீங்களே, தண்ணி போற வாய்க்காலைத் தேடினீங்களா?" என்றார். புலப்படம் இப்போது இணையத்திலேயே கிடைக்கிறது. பேத்தியை விட்டு எடுக்கச் சொல்லி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஏரியிலிருந்து எங்கள் நகர் வழியாக ஒரு கோடு தெளிவாகப் போனது. 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு நேரே 'வாய்க்கால் புறம்போக்கு' என்று இருந்தது.

அந்த வாரமே நலச் சங்கத்தின் அவசரக் கூட்டம். பொருள்: தெருவில் தண்ணீர் தேங்குதல். மாமனார் படத்தை விரித்துக் காட்டினார். வாய்க்கால் வருகிற வழியைத் தெருத்தெருவாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் நிறுத்தி, "அதை மறிச்சிருக்கிறது இந்த ஒரு கட்டடம்தான்" என்றார்.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். கூட்டம் நடந்துகொண்டிருந்த சங்க அலுவலகம்தான் அது.

செயலாளர் தொண்டையைக் கனைத்தார். "ஐயா சொல்றது நூத்துக்கு நூறு சரி. இவ்வளவு நாளா இங்க மட்டும் ஏன் தண்ணி பூந்துச்சுன்னு இப்பத்தான் விளங்குது" என்றார்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: சங்கக் கட்டடத்தின் தரையை இரண்டடி உயர்த்துவது. பிறகு, தொழில்நுட்ப ஆலோசனை வழங்கியதற்காக மாமனாருக்குச் சால்வை போர்த்தினார்கள்.