கைத்தொழில் பீரியட்

1937-ஆம் வருஷம் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில், குழந்தைகள் ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்தே சகல பாடங்களையும் கற்க வேண்டுமென்றும், அந்த உற்பத்தியே நாளடைவில் உபாத்தியாயர் சம்பளத்துக்கு ஈடுகட்டிவிடுமென்றும் பிரஸ்தாபிக்கப்பட்ட உன்னத லட்சியம், நம் சிற்றூர் உயர்நிலைப் பள்ளியை வந்தடைந்தபோது, வாரத்துக்கு இரண்டு பீரியடும் ஆளுக்கொரு தக்ளியுமாகச் சுருங்கிவிட்டது. அந்த இரண்டையும் பாடம் முடியவில்லையென்று கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரமில்லை. தப்பித்தவறி வகுப்பு நடந்தாலோ, இடக்கையில் பஞ்சுப் பட்டையும் வலக்கை விரல்களில் தக்ளியின் காம்புமாக மாணாக்கன் உட்கார, சாண் நீளம் நூல் இறங்குவதற்குள் அது அறுந்து, பித்தளை வில்லை 'ணங்'கென்று சிமிட்டித் தரையில் விழும்; நாற்பது தக்ளிகள் விழும் நாதத்தில் பக்கத்து வகுப்பின் அசோகச் சக்கரவர்த்தி கலிங்கத்தைத் துறந்து ஓடியிருப்பார்.

தோட்ட வேலை மட்டும் பழுதின்றி நடந்தது. பையன்கள் தண்ணீர் இறைத்தார்கள், பாத்தி கட்டினார்கள்; கத்தரிக்காய், சமுதாய வாழ்க்கையின் தத்துவப்படி, தலைமையாசிரியர் வீட்டுச் சமையலறையில் ஐக்கியமாயிற்று. இன்ஸ்பெக்டர் வந்த அன்று மேஜைமேல் வைத்திருந்த நூல் சிட்டம், கதர்க் கடைச் சீட்டு ஒன்று அதில் ஒட்டியிருந்தபோதிலும், மாணாக்கரின் அபாரத் தேர்ச்சிக்கு அத்தாட்சியென்று அவர் குறிப்பேட்டில் எழுதினார். ஜீப்பின் பின்னிருக்கையில் கத்தரிக்காய்க் கூடை ஏற்கெனவே ஏறியிருந்தது.