பூனை சைவமா, அசைவமா?

கேள்வி: நாங்கள் சைவம். எங்கள் பூனையும் தயிர்சாதம் சாப்பிட்டே வளர்கிறது. அதற்கென்று தனி உணவு வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: நீங்கள் சைவம், சரி. பூனையைக் கேட்டீர்களா? புலிக்குச் சொந்தக்காரர் அது, அக்மார்க் அசைவம். தட்டில் வேறு வழியில்லாததால் தயிர்சாதத்தோடு சமரசம் செய்துகொண்டிருக்கிறது.

விஷயம் ருசியோடு முடிவதில்லை. டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும் உண்டு, அரிசியில் கிடையாது. பூனையின் உடல் அதைத் தேவையான அளவு தயாரித்துக்கொள்ளாது. குறைந்தால் பார்வை போகும், இதயமும் வீங்கித் தளரும். 1987-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியோன் குழுவினர் இந்த இதயக் கோளாற்றின் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். கூத்து என்னவென்றால், அவர்கள் ஆராய்ந்த பூனைகள் சாப்பிட்டதெல்லாம் கடையில் வாங்கிய உணவு! டாரின் கொடுத்ததும் பல பூனைகள் தேறின. அதன்பிறகே கம்பெனிகள் அளவைக் கூட்டின.

ஆகவே பாக்கெட்டின் முன்பக்கப் பூனைப் படத்தில் மயங்காமல், பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்று இருக்க வேண்டும். 'காம்ப்ளிமென்டரி' என்றிருந்தால் அது வெறும் நொறுக்குத்தீனி. சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் இருக்கும். சோளமும் கோதுமையும் முதலில் வந்தால் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். நாய் உணவு வேண்டவே வேண்டாம்.

பக்கத்து வீட்டு மீன்குழம்பும் ஆகாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

புது உணவை ஒரு வாரம் பழையதோடு கலந்து பழக்குங்கள். ஒரு நாள் முழுக்க எதையும் தொடாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.